நூற்றைம்பது சதவீத மயக்கம்

முன்பாய் என்பது பாய்மரத்துக்கு முன்னால், படகின் மூக்கிலிருந்து மரத்தின் உச்சியை நோக்கி ஓடும் முன்கம்பியில் ஏறும் முக்கோணப் பாய். காற்றை எதிர்த்து ஏறும்போது படகை இழுப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. எந்த அளவு முன்பாயோடு பந்தயத்துக்கு இறங்குவது என்பது, தொடக்கக் கோட்டுக்குப் போகும் முன்பே எடுத்தாக வேண்டிய முடிவு. மலாக்கா நீரிணையைப் பொறுத்தவரை இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை என்பது படகுத்துறைகளில் ஊறிப்போன கருத்து. இங்கே காற்று குறைவு, ஆகவே இருப்பதிலேயே பெரிய பாயைப் போட வேண்டும், மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் முன்பாயான 150 சதவீத ஜெனோவா ஒன்று, பாயை முன்கம்பியில் சுற்றிவைக்கும் சுருட்டியில் இருந்தால் வேறு முன்பாயே தேவையில்லை என்கிறது அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்பதில்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோதான கடல் பேராக் கரையிலேயே இருக்கிறது. ஆயர் தாவாரிலிருந்து சித்தியவான் வழியாக லுமுட் போய்ச் சேர்ந்தால் எதிரே பங்கோர் தீவு. ராயல் சிலாங்கூர் யாட் கிளப் 1990 முதல் நடத்திவரும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி போர்ட் கிள்ளானில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடிவது வழக்கம். நவம்பரில் நடக்கும் இப்போட்டியின் முதல் கட்டம், போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர் வரை, சுமார் எண்பது தொண்ணூறு கடல் மைல். பல படகுகளுக்கு அது ஒரு பகலும் ஓர் இரவும் ஓடும் ஓட்டம். கடற்காற்று, கரைக்காற்று, காற்றே இல்லாத நேரம், சூறை என்று நான்கையும் ஒரே ஓட்டத்தில் சந்திக்க நேரும் பாதை இது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் முழு வலிமையோடு எடுத்துவைக்க வேண்டும். அது ஐந்து காலில் நிற்கிறது. முதலாவது, நீரிணையின் ஒருபக்கம் சுமத்ரா, மறுபக்கம் தீபகற்பம். இரண்டு பருவக்காற்றுக்கும் மறைப்பு உண்டு, அதனால் சராசரிக் காற்று மெல்லியது. இரண்டாவது, இங்கே ஓடும் படகுகளில் பல, 1970களிலும் 80களிலும் வந்த கனமான பயணப் படகுகளின் வழிவந்தவை. அவற்றில் முன்கம்பி மரத்தின் உச்சிவரை போகிறது, மரத்துக்குப் பின்னால் ஏறும் பெரும்பாய் ஒடுக்கமானது, இழுவை முழுக்க முன்பாயிலிருந்தே வருகிறது. மூன்றாவது, பெரிய பாயைச் சுருட்டிச் சிறிதாக்கலாம், சிறிய பாயைப் பெரிதாக்க வழியில்லை. நான்காவது, முன்பாய்க்கும் பெரும்பாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கு காற்றை வேகப்படுத்துகிறது, ஜெனோவா எவ்வளவு பின்னால் நீள்கிறதோ அவ்வளவு நல்லது. ஐந்தாவது, வார இறுதியில் மட்டும் கூடும் படகாட்களை வைத்துக்கொண்டு பாய் மாற்றிக்கொண்டிருக்க முடியாது, ஒரே பாய் செலவும் குறைவு.

இவற்றில் முதலாவதும் இரண்டாவதும் பாதி உண்மை. ஐந்தாவது நியாயமான கவலை. மூன்றாவதும் நான்காவதும் தவறு. ஐந்தையும் சேர்த்தாலும் 150 சதவீதம் என்ற முடிவு வராது. காரணங்கள் வருமாறு.

1. சதவீதம் என்பது பரப்பு ஆகாது. 150 என்ற எண்ணைச் சொல்லுகிறவர்களில் பலர் அதைப் பாயின் பரப்பாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அது ஒரு நீளத்துக்கும் இன்னொரு நீளத்துக்கும் உள்ள விகிதம் மட்டுமே. பாய்மரத்தின் முன்முகத்திலிருந்து, முன்கம்பி தளத்தைத் தொடும் இடம்வரை உள்ள கிடைத்தூரத்துக்கு 'ஜே' என்று பெயர். பாயைக் கட்டி இழுக்கும் தாமான் கயிறு மாட்டப்படும் பின்மூலையிலிருந்து முன்விளிம்புக்குச் செங்குத்தாக எடுக்கும் தூரம் 'எல்.பி.'. எல்.பி.யை ஜேயால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். இதில் பாயின் உயரம் எங்குமே வரவில்லை.

ஒரு படகின் ஜே 3.6 மீட்டர் என்றும், முழு உயரப் பாயின் முன்விளிம்பு 13 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 150 சதவீதப் பாயின் எல்.பி. 5.4 மீட்டர்; பரப்பு ஏறத்தாழ 35.1 சதுர மீட்டர். அதே 150 சதவீதத்தை, சுருட்டியின் உருளைக்கும் மேல் சுழலிக்கும் இடம் விட்டு 11.4 மீட்டர் முன்விளிம்போடு தைத்தால் 30.8 சதுர மீட்டர்தான் கிடைக்கும். முழு உயரத்துக்குத் தைத்த 135 சதவீதப் பாயோ 31.6 சதுர மீட்டர். '150' என்று பெருமையாகச் சொல்லப்படும் பாய், '135'ஐவிடச் சிறியது. கூடுதல் பரப்பு கிடைக்கும் இடமும் வேறு. உயரத்தில் கிடைக்கும் பரப்பு, கடல்மட்டத்து உராய்வு குறைந்த வேகமான காற்றில் நிற்கிறது. சதவீதத்தில் கிடைக்கும் பரப்பு தளத்துக்குச் சற்று மேலே, காற்று மிக மெதுவாக இருக்கும் இடத்தில், மரத்துக்குப் பின்னால் பெரும்பாயை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

2. 150 என்ற எண்ணைத் தந்தது காற்றல்ல, விதிப்புத்தகம். 1920களில் சுவீடனின் ஸ்வேன் சலேன் இத்தாலியின் ஜெனோவா நகரப் பந்தயத்தில் மரத்தைத் தாண்டிப் பின்னால் நீளும் முன்பாயைப் போட்டு ஓடினார். பாய்க்கு அந்த ஊரின் பெயரே நிலைத்தது. அன்றைய விதிகள் மரத்துக்கும் முன்கம்பிக்கும் நடுவே உள்ள முக்கோணத்தை அளந்தனவே தவிர, அதைத் தாண்டிப் பின்னால் போகும் துணியை அளக்கவில்லை. தாண்டிய பகுதி இலவசம். இலவசமாகக் கிடைத்ததை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

வெவ்வேறு அளவுப் படகுகளை ஒரே பந்தயத்தில் ஒப்பிட 1970இல் நடைமுறைக்கு வந்த ஐ.ஓ.ஆர். தரமதிப்பு விதி இதை இன்னும் இறுக்கியது. எல்.பி. 150 சதவீதத்துக்குக் குறைந்தாலும் 150 என்றே கணக்கு. குறைத்தவருக்குச் சலுகை கிடையாது. ஆகவே எல்லோரும் 150இல் போய் நின்றார்கள். அந்த விதிக்கு ஏற்பப் பெரும்பாய் ஒடுங்கியது, முன்பாய் பெருத்தது, அதே வடிவத்தைப் பயணப் படகுகளும் வாங்கிக்கொண்டன. 1990களின் தொடக்கத்தில் ஐ.ஓ.ஆர். மறைந்தது. அதோடு சேர்ந்து காரணமும் போய்விட்டது. எண் மட்டும் தங்கி, பேராக் கடலின் இயற்கை கேட்கும் அளவுபோல இன்று பேசப்படுகிறது.

3. இடுக்கு காற்றை வேகப்படுத்துகிறது என்ற விளக்கம் ஐம்பதாண்டுக்கு முன்பே முறியடிக்கப்பட்டது. அமெரிக்க விமானத் துறையில் காற்றியக்கப் பொறியாளராக இருந்த ஆர்வெல் ஜென்ட்ரி, இரு பாய்களும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதை 1971இல் ஆய்வுக்கட்டுரையாகவும், 1973இல் 'செயில்' இதழில் தொடராகவும் எழுதினார். முன்பாயைப் போட்டதும் பெரும்பாயின் முன்பகுதியில் காற்றின் வேகம் கூடுவதில்லை, குறைகிறது என்பது அவர் காட்டியது. இடுக்கு வழியாகப் போகவேண்டிய காற்றில் ஒரு பகுதி விலகி, முன்பாயின் வெளிப்பக்கம் போகிறது. பெரும்பாய் முன்பாய்க்குச் சாதகமான கோணத்தில் காற்றை வளைத்துத் தருகிறது. அதனால்தான் முன்பாய் அத்தனை வலிமையாக இழுக்கிறது. கொடுப்பது பெரும்பாய், வாங்குவது முன்பாய்.

இதிலிருந்து வரும் முடிவு பெரிய ஜெனோவாக்காரர்களுக்கு எதிரானது. முன்பாயின் மதிப்பு அதன் முன்விளிம்பை ஒட்டிய பகுதியில் குவிந்திருக்கிறது. மரத்தைத் தாண்டி நீளும் ஒவ்வொரு சாணும் முந்தைய சாணைவிடக் குறைவாகவே தருகிறது. பெரும்பாயின் முன்பகுதியைப் பின்னுக்குத் தள்ளிக் குமிழியிட வைத்து, இருப்பதையும் கெடுக்கிறது. காற்று ஏறியதும் ஜெனோவா படகில் பெரும்பாயின் முன்பாதி உள்வாங்கித் தளர்ந்து கிடப்பதைக் காணலாம். அந்த நேரத்தில் படகு இரண்டு பாய்களைச் சுமந்துகொண்டு ஒன்றரைப் பாயில் ஓடுகிறது.

4. சராசரிக் காற்றில் எந்தப் படகும் ஓடுவதில்லை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அடிக்கத் தொடங்கும்போது, தித்திவாங்சா மலைத்தொடர் பேராக் கரைக்கு மறைப்பாக நிற்கிறது. இங்கே நிலவுவது கரையும் கடலும் மாறிமாறிச் சூடேறி ஆறுவதால் பிறக்கும் அன்றாடக் காற்று. முற்பகலில் கடற்காற்று எழுகிறது, பிற்பகலில் உச்சம் தொடுகிறது, பொழுது சாயும்போது ஓய்கிறது. இருட்டியபின் கரை குளிர, ஆயர் தாவார், சித்தியவான் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் மேல் குளிர்ந்த காற்று கடலுக்கு இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத மணிகள்.

இதன்மேல் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சுமத்ரா என்றே பெயர் பெற்ற சூறை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் பின்னும் நீரிணையைக் கடந்து வருகிறது. அதன் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும், அதாவது 22 முதல் 43 நாட். ரப்பர்த் தோட்டத்துக்காரர்களுக்கு இதன் நேரம் தெரியும். பால் வெட்டு இருட்டோடு தொடங்குகிற வேலை; மரம் நனைந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. அப்படி வெட்டு நின்ற காலைகளில் சில, இந்தச் சூறை கொண்டுவந்த மழையால் நின்றவை. அதே நேரத்தில்தான் பங்கோரை நெருங்கும் படகு முழு ஜெனோவாவோடு இருட்டில் நிற்கும்.

எட்டு மணி நேரம் 2 நாட், எட்டு மணி நேரம் 5 நாட், எட்டு மணி நேரம் 11 நாட் காற்று அடித்தால் நாளின் சராசரி 6 நாட். நாள் முழுக்க 6 நாட் அடித்தாலும் சராசரி அதுவே. இரண்டு நாளுக்கும் ஒரே முன்பாய் சரியாக இருக்க முடியுமா? சராசரியை வைத்துப் பாய் தேர்கிறவர், அன்றைக்கு ஒரு மணி நேரம்கூட அடிக்காத காற்றுக்குப் பாய் தேர்ந்திருக்கலாம்.

5. மிக மெல்லிய காற்றில் பெரிய பாய் இன்னும் மோசம். எதிர்த்தரப்பின் கோட்டை என்று கருதப்படும் இடமே அதன் பலவீனமான இடம். 2, 3 நாட் காற்றுக்கு ஆழமான வளைவைச் சுற்றிப் போகும் தெம்பு இல்லை. வயிறு பெருத்த பாயில் அது பாதியிலேயே பிரிந்துவிடுகிறது. அந்தக் காற்றுக்குத் தட்டையான, லேசான துணி வேண்டும். ஒரே பாயாகச் சுருட்டியில் கிடக்கும் 150 சதவீத ஜெனோவா இதற்கு நேர் எதிர். 18 நாட் வரை தாங்கவேண்டும் என்பதற்காகக் கனமான டாக்ரான் துணியில் தைத்திருப்பார்கள். வெப்பமண்டல வெயிலிலிருந்து காக்கப் பின்விளிம்பிலும் அடிவிளிம்பிலும் வெயில்காப்புப் பட்டை தைத்திருப்பார்கள். பாய் நிரம்பி நிற்க வேண்டிய விளிம்புகளே அதிக எடை சுமக்கும். கப்பல்கள் கிளப்பிய அலையில் படகு ஒருமுறை உருண்டால், பாய் தன் எடையாலேயே சரிந்து, மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகளில் அறைந்து, சேர்த்து வைத்த கொஞ்ச வேகத்தையும் உதறிவிடும். பரப்பு இருக்கிறது, காற்று அதில் தங்குவதில்லை.

மெல்லிய காற்றுக்கு விடை இன்னும் பெரிய ஜெனோவாதான் என்றால், உலகின் தேர்ந்த பந்தயக்காரர்கள் அங்கேதான் போயிருக்க வேண்டும். 1997-98 விட்பிரெட் உலகப் போட்டியில் பால் கேயார்டின் 'இ.எஃப். லாங்குவேஜ்' படகு கொண்டுவந்தது வேறொரு பாய்: முன்கம்பியில் ஏறாமல் தனியே தொங்கி, வேண்டாதபோது மொத்தமாக இறங்கிவிடும் கோட் சீரோ. அந்தப் படகே போட்டியை வென்றது. அன்று முதல் மெல்லிய பக்கக் காற்றுக்கு என்று தனிப் பாய், ஏறுகாற்றுக்கு என்று தனிப் பாய் என வேலை பிரிந்துவிட்டது. இரண்டையும் ஒரே துணியிடம் கேட்பது பழைய பழக்கம்.

6. சுருட்டினால் பாய் சிறிதாகும், சிறிய பாயாக ஆகாது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 6 நாட் 12 ஆனால் நான்கு மடங்கு. 18 ஆனால் ஒன்பது மடங்கு. அழுத்தம் ஏறும்போது முன்கம்பி காற்று போகும் பக்கம் தொய்கிறது. தொய்ந்த கம்பி பாய்க்கு மேலும் வயிறு போடுகிறது. பாய் தட்டையாக வேண்டிய நேரத்தில் உப்புகிறது. இதோடு சுருட்டவும் செய்தால், நடுவில் துணி அதிகம், மேலும் கீழும் குறைவு என்பதால், சுருளுக்குப் பின்னால் பை போலத் தொங்கல் விழுகிறது. முன்விளிம்பில் நுரைப்பட்டை வைத்துத் தைத்தால் சிறிதளவு சுருட்டும்வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் அதுவும் உதவாது. தாமான் மூலை முன்னேறி மேலே ஏறிவிடுவதால், தாமான் கயிறு போகும் வழியையும் மாற்றியாக வேண்டும். இருட்டில், சூறைக்கு நடுவில், யாரும் அதைச் செய்வதில்லை.

விளைவு சுக்கானில் தெரியும். படகு 25 பாகைக்கு மேல் சாய்ந்ததும் மூக்கு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது. சுக்கான் பிடிப்பவர் அதை எதிர்த்து இழுக்கிறார். சுக்கான் நான்கைந்து பாகைக்கு மேல் திரும்பியே இருந்தால் அது படகை ஓட்டுவதைவிடத் தடுப்பதையே அதிகம் செய்கிறது. அடியிலுள்ள கீலும் நீரைப் பிடிக்க முடியாமல் படகு பக்கவாட்டில் நழுவுகிறது. நீர்க்கோட்டில் 9 மீட்டர் நீளமுள்ள பயணப் படகு 7.3 நாட் வாக்கில் தான் எழுப்பிய அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்த வேகத்தை 110 சதவீதப் பாயே எட்டிவிடும் காற்றில், 150இன் மிச்சத் துணி முழுவதும் சாய்வாகவே மாறுகிறது.

7. வேகம் மட்டும் போதாது, கோணமும் வேண்டும். மரத்தைத் தாண்டும் ஜெனோவாவின் தாமான் கயிறு பக்கக் கம்பிகளுக்கு வெளியேதான் போக முடியும். மரத்தைத் தாண்டாத சிறிய முன்பாயான ஜிப்பைக் கம்பிகளுக்கு உள்ளே, படகின் நடுக்கோட்டுக்கு 7 முதல் 9 பாகைக்குள் இழுத்துக் கட்டலாம். பக்கக் கம்பிகள் தளத்தின் ஓரத்தில் இறங்கும் படகில் ஜெனோவாவுக்கு அந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது. எவ்வளவு இழுத்தாலும் துணி கம்பியிலும் குறுக்குச் சட்டத்தின் நுனியிலும் போய் முட்டும். அத்தகைய படகில் பெரிய பாய் வேகமாக ஓடும், ஆனால் தவறான திசையில்.

நீரிணையில் இது இரட்டிப்பாகக் கணக்கில் வரும். நீரோட்டம் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்புகிறது. எதிர் ஓட்டத்தில் சிக்கிய படகு, ஓட்டம் குறைந்த ஆழமற்ற கரையோரத்தை ஒட்டி, அடிக்கடி பக்கம் மாற்றி மாற்றி ஏற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெனோவா மரத்தையும் கம்பிகளையும் சுற்றி இழுபட்டு வர, விஞ்சைச் சுற்றுகிறவர் பல மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். ஜிப் கைவீச்சில் வந்துவிடும். பத்துத் திருப்பத்துக்குப் பிறகு சோர்ந்துபோன ஆட்கள், திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் விடுவார்கள்; படகு ஓட்டத்துக்குள் போய்விடும். ஆட்பலம் குறைவு என்று சொல்லிப் பெரிய ஒற்றைப் பாயை நியாயப்படுத்துகிறவர்கள், குறைந்த ஆட்கள்மீது கூடிய வேலையை ஏற்றுகிறார்கள்.

8. பெரிய பாய்க்கு விலை உண்டு, அது பாய்க்கடையோடு முடிவதில்லை. ராஜா மூடா போட்டியின் பந்தயப் பிரிவுகளில் புழங்கும் ஐ.ஆர்.சி. தரமதிப்பில் ஒவ்வொரு படகுக்கும் டி.சி.சி. என்ற நேரப் பெருக்கி உண்டு. ஓடிய நேரத்தை அதனால் பெருக்கி வருவதே திருத்திய நேரம். படகில் ஏற்றிக்கொள்ளும் மிகப் பெரிய முன்பாயின் பரப்பு அந்தப் பெருக்கியை ஏற்றுகிறது. அந்தப் பாயை விரித்த நேரத்துக்கு மட்டும் என்று கிடையாது; சுருட்டி வைத்திருந்த மணிகளுக்கும், காற்றே இல்லாமல் மிதந்த மணிகளுக்கும், பின்காற்றில் ஸ்பின்னக்கர் என்ற உப்பலான பாயில் ஓடிய மணிகளுக்கும் சேர்த்தே வசூல்.

எவ்வளவு ஏறும் என்பது படகுக்குப் படகு மாறும். கணக்குக்காக, சிறிய பாயோடு 0.950, பெரிய பாயோடு 0.960 என்று கொள்வோம். 16 மணி நேர ஓட்டத்தில் சிறிய பாயைச் சமன் செய்யவே பெரிய பாய்ப் படகு முழுதாக 10 நிமிடம் முன்னதாக வந்தாக வேண்டும். தனக்கு ஏற்ற காற்றில் அது 4 சதவீதம் கூடுதல் வேகம் தரும் என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும், அந்தப் பத்து நிமிடத்தைச் சம்பாதிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். அதற்குப் பிறகே லாபம். 5 முதல் 10 நாட் வரை, ஏறுகாற்றாகவோ முன்பக்கக் காற்றாகவோ, அத்தனை மணி நேரம் கிடைக்குமா? சில ஆண்டுகளில் கிடைக்கும், சில ஆண்டுகளில் கிடைக்காது. பெரிய பாயே எப்போதும் சரி என்கிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

எங்கே பெரிய ஜெனோவா சரி என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்பின்னக்கர் இல்லாமல் ஓடும் பயணப் பிரிவில் பின்காற்றுக்கு முன்பாயைத் தவிர வேறு பரப்பு கிடையாது; கம்பு கொடுத்து விரித்த 150 சதவீத ஜெனோவா அங்கே தன் விலையைத் திருப்பித் தரும். உச்சிவரை முன்கம்பி போகும் பழைய படகில், ஒடுங்கிய பெரும்பாயோடு, பக்கக் கம்பிகள் தளத்தின் உட்புறம் இறங்குமானால், 140, 150 என்பதே அப்படகு வரையப்பட்ட அளவு. ஜே-24 போன்ற ஒரே வகைப் படகுகளின் பந்தயத்தில் வகை விதியே 150 சதவீத ஜெனோவாவை அனுமதிக்கிறது. எல்லோருக்கும் ஒன்றே என்பதால் தரமதிப்புக் கேள்வி எழுவதில்லை.

இந்த விலக்குகளை மறந்து மறுகோடிக்கு ஓடுவதும் தவறே. டி.பி.-52 போன்ற இன்றைய பந்தயப் படகுகள் மரத்தைத் தாண்டாத ஜிப்போடு ஓடுகின்றன, ஆகவே எல்லோரும் சிறிய பாய்க்கு மாறவேண்டும் என்ற புதிய உபதேசமும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. அந்தப் படகுகளின் பெரும்பாய் உச்சியில் சதுரமாக அகன்றது. மரம் உயரம், உடல் லேசு. கனமான பயணப் படகுக்கு, பெரும்பாயை அப்படியே வைத்துக்கொண்டு, 100 சதவீத ஜிப்பை மட்டும் கடன் வாங்கினால் 6 நாட் காற்றில் அது நகராது. அளவை அடுத்தவர் படகிலிருந்து எடுத்துக்கொள்வது என்ற ஒரே தவறுதான் இரண்டு தரப்பிலும் நடக்கிறது.

தேர்வு வேறு வரிசையில் நடக்க வேண்டும். முதலில் படகு: முன்கம்பி எங்கே முடிகிறது, பக்கக் கம்பிகள் எங்கே இறங்குகின்றன, பெரும்பாய் எவ்வளவு என்று பார்த்தால், எந்த அளவுக்கு மேல் தாமான் கோணம் கெடுகிறது என்பது தெரியும். அது மேல் எல்லை. இரண்டாவது உயரம்: சதவீதத்தைக் கூட்டும் முன், முன்விளிம்பு கம்பியின் முழு நீளத்தையும் பயன்படுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆஞ்சான் கயிற்றை இழுத்து ஏற்றியபின் பாயின் தலைக்கும் மரத்துக் கப்பிக்கும் நடுவே முழங்கை நீளத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தால், பரப்பு அங்கேதான் வீணாகிறது.

மூன்றாவது மாற்று அட்டவணை. எந்தக் காற்றுவேகத்தில் எந்தப் பாய், எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது என்பதைப் பயிற்சி ஓட்டங்களில் அளந்து எழுதிவைப்பது. காற்று வேகம், படகு வேகம், சாய்வு, சுக்கான் பாகை ஆகிய நான்கையும் குறித்துவந்தால், 22, 23 பாகைச் சாய்விலும் ஐந்து பாகைச் சுக்கானிலும் பெரிய பாயின் காலம் முடிவது தானாகவே வெளிப்படும். நான்காவது பாதை: போட்டி நடக்கும் மாதத்தில், மணிக்கு மணி, எந்தத் திசையில் எவ்வளவு காற்று என்று எழுதி, அதன்மேல் படகு போகவேண்டிய திசையை வைத்துப் பார்ப்பது. போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர் வடமேற்கே. இரவில் கிழக்கிலிருந்து இறங்கும் கரைக்காற்று பெரும்பாலும் பக்கக் காற்றாகவே வரும். அங்கே பெரிய ஜெனோவாவின் போட்டியாளர் சிறிய ஜிப் அல்ல, கோட் சீரோ.

கடைசியில்தான் தரமதிப்பு. ஐ.ஆர்.சி.யில் சோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்கும் வசதி உண்டு. பாயைத் தைக்கக் கொடுக்கும் முன்பே, அந்தப் பரப்புக்கு டி.சி.சி. எவ்வளவு ஏறும் என்று அறிந்துகொள்ளலாம். ஏறும் பெருக்கியை நிமிடமாக மாற்றி, பாதைக் கணக்கில் கிடைத்த பயனுள்ள மணிகளோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும். கனமான பயணப் படகு பலவற்றுக்கு அந்த விடை, முழு உயரத்துக்குத் தைத்த 125, 135 சதவீத லேசான பாய் ஒன்றும், காற்று ஏறினால் போட 100 சதவீத ஜிப் ஒன்றும் என்று அமையும். இரண்டு பாய் வாங்கக் காசில்லாதவர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றாலும், அந்த ஒன்று 150 ஆக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அவருடைய மணிக்கணக்கில் அதிக மணி எந்தக் காற்றில் விழுகிறதோ அதற்கு உரியதாக இருந்தால் போதும்.